சிஎச்341 மாட்யூல் ஏறியும் சீரியல் போர்ட் நிற்கவில்லை

கேள்வி: சேரன்மகாதேவி
வணக்கம். கன்னடியன் கால்வாய்ப் பக்கம் எங்கள் வாழைத் தோட்டத்துக் கிணற்றின் நீர்மட்டத்தை அளக்க, யூஎஸ்பி இணைப்புக்குச் சிஎச்340 சிப் உள்ள ஆர்டுயினோ போர்டு (சிறு மின்னணுப் பலகை) ஒன்றைப் பயன்படுத்துகிறேன். கணினியில் உபுண்டு 22.04 நிறுவிய நாள் முதல், போர்டைச் செருகினாலும் அதற்கான சீரியல் போர்ட்டான டிடிஒய்யூஎஸ்பி0 கிடைப்பதில்லை. ஏறியுள்ள மாட்யூல்களைக் காட்டும் எல்எஸ்மாட் பட்டியலில், அந்தச் சிப்பை இயக்கும் சிஎச்341 மாட்யூல் இருக்கிறது. அதைக் கழற்றி மோட்புரோப் மூலம் மீண்டும் ஏற்றினேன், மோட்புரோப்.டி அடைவில் அதைத் தடுக்கும் பிளாக்லிஸ்ட் வரி ஏதும் உண்டா என்று ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தேன். பயனில்லை. ஐப்பசி மழைக்கு முன் இது ஓட வேண்டும். உபுண்டுவின் மையப் பகுதியான கெர்னலை மாற்ற வேண்டுமா?

பதில்: பாளையங்கோட்டை
கெர்னலைத் தொட வேண்டாம், தம்பி. போர்டைப் பிடுங்கிச் செருகிய உடனே கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையின் கடைசி வரிகளைப் பாருங்கள்.

கேள்வி: சேரன்மகாதேவி
அண்ணாச்சி, டிடிஒய்யூஎஸ்பி0 இணைந்ததாக ஒரு வரி வருகிறது. சற்று நேரத்தில், சிஎச்341 வைத்திருக்கும் இன்டர்ஃபேஸ் 0-இல் பிஆர்எல்டிடிஒய் குறுக்கிடுவதாக ஒரு வரியும், இணைப்பு அறுந்ததாக இன்னொன்றும் வருகின்றன.

பதில்: பாளையங்கோட்டை
அதுதான் காரணம். பிஆர்எல்டிடிஒய் என்பது பிரெயில் திரைகளை இயக்கும் நிரல். உங்கள் சிப்பின் அடையாள எண் 1ஏ86:7523. அதே எண்ணைத் தாங்கிய பிரெயில் கருவி ஒன்றும் இருப்பதால், பிஆர்எல்டிடிஒய்யின் யூடெவ் விதி (செருகிய கருவியை எண்ணை வைத்து அடையாளம் காணும் விதி) உங்கள் போர்டையும் பிரெயில் திரை என்று கருதி, மாட்யூலின் கையிலிருந்து பறித்துக்கொள்கிறது. அந்த நிரலின் தொகுப்பை ஏபிடி கட்டளை மூலம் நீக்கினால் போதும்.

கேள்வி: சேரன்மகாதேவி
நீக்க முடியாது, அண்ணாச்சி. பார்வையற்ற என் அக்கா இதே கணினியில் பிரெயில் திரை வைத்துத்தான் படிக்கிறார்.

பதில்: பாளையங்கோட்டை
அதைக் கேட்காமல் நீக்கச் சொன்னது என் தவறு. /யூஎஸ்ஆர்/லிப்/யூடெவ்/ரூல்ஸ்.டி அடைவில் உள்ள 85-பிஆர்எல்டிடிஒய்.ரூல்ஸ் கோப்பை, பெயர் மாறாமல் /ஈடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி அடைவுக்கு நகலெடுங்கள். மூலக் கோப்பைத் திருத்தினால் அடுத்த அப்டேட் அதை அழித்துவிடும். ஈடிசியில் உள்ள நகலோ அதை மீறி நிற்கும். நகலில் 1ஏ86/7523 வரும் விதி வரியின் தொடக்கத்தில் மட்டும் # குறி இடுங்கள், அந்த வரி செயல்படாது. பிறகு யூடெவ்ஆட்ம் கன்ட்ரோல் --ரீலோட் கொடுத்து, போர்டை மறுபடி செருகுங்கள். அக்காவின் திரைக்கும் இதே எண்தானா என்று, செருகிய கருவிகளின் எண்களைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில் முதலில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சேரன்மகாதேவி
அக்காவின் திரைக்கு வேறு எண். அந்த வரிக்கு # இட்டதும் டிடிஒய்யூஎஸ்பி0 வந்து நின்றுவிட்டது. கிணற்று அளவு திரையில் ஓடுகிறது. பக்கத்திலேயே அக்கா விரல் வைத்து அந்த எண்ணைப் படித்துச் சொல்கிறார். மிக்க நன்றி, அண்ணாச்சி.