பல்சர் 180 இலிருந்து நெடும்பயண வண்டிக்கு: கைமாறிய ஹிமாலயன் 411 ஆ, புதிய 450 ஆ?

உவர்மலையான்:

வணக்கம். என்னிடம் இருப்பது 2010 ஆம் ஆண்டின் பல்சர் 180. திருகோணமலை நகருக்குள் வேலைக்குப் போய்வர அதில் இன்றும் எந்தக் குறையும் இல்லை. 2022 இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறையில் வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் மட்டும் கிடைத்த நாட்களிலும் அது என்னைக் கைவிடவில்லை. ஆனால் மனைவியையும் இரண்டு பைகளையும் ஏற்றிக்கொண்டு ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக யாழ்ப்பாணம் போகும்போதும், ஹபரணை, தம்புள்ளை தாண்டிக் கண்டிப் பக்கம் மலை ஏறும்போதும் வண்டியின் வயது தெரிந்துவிடுகிறது. பின்பக்கச் சொக் அப்சோபர் அமிழ்ந்துபோகிறது, மணிக்கு 70 கிலோமீற்றரைத் தொட்டால் கைப்பிடியின் அதிர்வு விரல்களை மரத்துப்போகச் செய்கிறது, பின்சில்லுக்கு டிரம் பிரேக் மட்டுமே என்பதால் நீண்ட இறக்கங்களில் மனம் பதறுகிறது.

நெடும்பயணத்துக்கென்றே செய்யப்பட்ட வண்டி ஒன்றுக்கு மாறலாம் என்று நினைக்கிறேன். றோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் பிடித்திருக்கிறது. அதன் பழைய மாதிரியான 411 இல் கைமாறிய ஒன்றை வாங்குவதா, இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து இப்போதைய மாதிரியான புதிய 450 க்குப் போவதா என்பதில்தான் முடிவுக்கு வர இயலவில்லை. என் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். இரண்டையும் ஓட்டியவர்களும் திருத்தியவர்களும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

நிலாவெளி வீதி:

நான் 411 ஐச் சில ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு இப்போது 450 ஓட்டுகிறேன். பெயர் ஒன்றாக இருப்பதால் ஒரே வண்டியைக் கொஞ்சம் மெருகேற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். எஞ்சினைப் பொறுத்தவரை இரண்டுக்கும் உறவே இல்லை. 411 காற்றாலும் ஒயிலாலும் குளிர்வது, ஐந்து கியர், ஏறக்குறைய 24 குதிரைவலு. 2023 இன் இறுதியில் வெளிவந்த 450 இல் இருப்பது நீரால் குளிரும் 452 சி.சி. எஞ்சின், ஆறு கியர், 40 குதிரைவலு.

இந்த எண்கள் வீதியில் எப்படித் தெரியும் என்று கேட்டால், கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் ஒரு லொறியை முந்தும் இடத்தில் தெரியும். 411 இல் பின்னால் ஆளும் பையும் இருந்தால், எதிரே வீதி வெறுமையாக இருக்கிறதா, எவ்வளவு தூரத்துக்கு இருக்கிறது, வளைவுக்கு முன் முடியுமா என்று மூன்று தரம் கணக்குப் பார்த்துத்தான் வலப்பக்கம் எடுக்க வேண்டும். 450 இல் ஒரு கியரைக் குறைத்தால் காரியம் முடிந்துவிடும். அதே வேளை, 411 இன் இழுவை எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுகளை ஒட்டியே வந்துவிடுவதால் மேட்டிலும் மணலிலும் கியரைத் தொடாமல் மெதுவாக ஊர்ந்து போகலாம். 450 இன் இழுவை 5,500 சுற்றுகளில்தான் உச்சத்துக்கு வருகிறது. ஆகவே அதில் கியரை அடிக்கடி மாற்றப் பழக வேண்டும், அது பல்சர் ஓட்டியவருக்குப் புதிதல்ல.

தாங்கியின் கொள்ளளவு 15 லீற்றரிலிருந்து 17 ஆகக் கூடியிருக்கிறது. முன் டிஸ்க் 300 மில்லிமீற்றரிலிருந்து 320 ஆகப் பெருத்திருக்கிறது. பிரேக்கில் உள்ள முன்னேற்றம் ஒன்றே எனக்கு மாறியதற்குப் போதுமான காரணம். வழிகாட்டும் வட்டத் திரையும் உண்டு, கைப்பேசியுடன் இணைத்தால் வரைபடம் காட்டும். அது காட்டாவிட்டாலும் வவுனியா இருக்கும் இடத்தில்தான் இருக்கும். குறை என்றால் வெப்பம்: கச்சான் என்னும் வறண்ட சூட்டுக் காற்று அடிக்கும் மாதங்களில் நகருக்குள் மெதுவாக ஓடும்போது றேடியேற்றர் விசிறியின் சூடு முழங்காலில் படும்.

கராஜ் அண்ணர்:

தம்பி, ஓட்டுவதைப் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள், நான் திருத்துவதைப் பற்றிச் சொல்கிறேன். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனிப்பட்ட பாவனைக்கான வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே நீங்கள் பார்க்கப்போகும் கைமாறிய 411 பெரும்பாலும் 2020 க்கு முந்தியதாகவே இருக்கும். திடீரெனப் பிரேக் பிடித்தாலும் சில்லு இறுகி வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். அந்த மாதிரிக்கு இந்தியாவிலேயே வந்தது 2018 இல். அதற்கு முந்திய வண்டியாக இருந்தால் அந்தப் பாதுகாப்பு அதில் கிடையாது. விற்பவரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். முன்சில்லின் அருகில் குந்தி இருந்து பாருங்கள். டிஸ்க் தட்டுக்கு உட்பக்கம் வரிசையாகத் துளைகள் கொண்ட மெல்லிய வளையமும் அதன் ஓரத்தில் ஒரு வயரும் இருந்தால் ஏ.பி.எஸ். உண்டு.

நம்முடைய ஊரில் ஓடிய வண்டியாக இருந்தால் உப்பைத் தேடிப் பாருங்கள். சில்லின் கம்பிகள் றிம்மில் நுழையும் இடம், தாங்கியின் அடிவிளிம்பு, சைட் ஸ்டாண்டின் சுவிச் ஆகிய மூன்றிலும் கடற்காற்று முதலில் வேலை காட்டும். சுவிச்சில் உப்புப் பிடித்தால், ஸ்டாண்டை மடக்கியிருந்தாலும் கியர் போட்ட உடனேயே எஞ்சின் நின்றுவிடும். காரணம் தெரியாதவர்கள் அதற்காக எஞ்சினைப் பிரிக்கும் அளவுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். முன்சில்லை நிலத்திலிருந்து தூக்கிவிட்டுக் கைப்பிடியை மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஓர் இடத்தில் பொருந்தி நிற்பதுபோல் தடை தட்டினால் கழுத்துப் பேரிங் தேய்ந்துவிட்டது, அதை விலையில் கழிக்க வேண்டும்.

பல்சரில் கார்பரேற்றர் என்பதால் பற்றரி பலவீனமானாலும் தள்ளிக் கிளப்பியிருப்பீர்கள். பெற்றோலைக் கணினி தெளிக்கும் வண்டிகளில் பற்றரி முற்றாக இறங்கினால் தள்ளிப் பலனில்லை. 450 இல் அக்சிலேற்றரும் கேபிள் இல்லாமல் மின்சாரத்தால் இயங்குவது. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அதைப் படிக்கும் கருவி உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும், வீதியோரக் கராஜில் யாரும் அதைப் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். ஆகவே வாங்குவதற்கு முன் திருகோணமலைக்கு மிக அருகில் அந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று விற்பவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். றேடியேற்றருக்குக் குளிர்திரவம் மட்டுமே ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு என்று நமது கரையோரக் கிணற்று நீரை ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து அலுமினியத்தை அரித்துவிடும்.

டயரைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. முன்சில்லு 21 அங்குலம் என்றதும் கிடைக்காது என்கிறார்கள். ஜப்பானிலிருந்து வந்த ஹொண்டா பாஜா, யமஹா செரோ எல்லாம் 21 அங்குல முன்சில்லுடன்தான் இந்த நாட்டில் இத்தனை காலமும் ஓடுகின்றன. டயர்க் கடைக்காரர்களுக்கு அந்த அளவு பழக்கமானது, சொல்லிவைத்தால் எடுத்துத் தருவார்கள். ஆனால் 411 இல் உள்ளே டியூப் உண்டு. பஞ்சர் ஆனால் சில்லைக் கழற்ற வேண்டும், அதற்கான சாவியும் ஒரு டியூபும் பையில் இல்லாமல் நீண்ட பயணம் போகாதீர்கள். 450 வாங்குவதாக இருந்தால் டியூப் இல்லாத கம்பிச் சில்லுடன் தருகிறார்களா என்று கேளுங்கள்.

மூதூர்க்காரன்:

நான் இங்கே கொஞ்சம் மாறுபடுகிறேன். அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியே இல்லாத நாட்டில் 40 குதிரைவலுவை எங்கே செலவழிப்பது? திருகோணமலையிலிருந்து யாழ்ப்பாணம் 240 கிலோமீற்றர் அளவுதான், காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர், வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் போகும் வீதியில் கச்சான் குறுக்கே அடிக்கும்போது வண்டியின் எடையும் நிதானமும்தான் உதவும், அது 411 இலும் தாராளமாக இருக்கிறது. கந்தளாய், ஹபரணைப் பக்கம் பொழுது பட்டால் யானை வீதிக்கு வரும். அந்த வேளையில் வேகமாக ஓடக்கூடிய வண்டி வைத்திருப்பது ஆபத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. ஏ.பி.எஸ். உள்ள நல்ல 411 கிடைத்தால் அதை வாங்கி, மிச்சப் பணத்தில் இருவருக்கும் தரமான தலைக்கவசமும் மழை அங்கியும் எடுங்கள் என்பதே என் கருத்து.

சாம்பல்தீவு ஆசிரியை:

நான் ஓட்டுபவள் அல்ல, பின்னால் இருந்து வருபவள். இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் முன் இருக்கையிலிருந்தே பேசியிருக்கிறீர்கள். என் கணவரின் பழைய வண்டியில் கால் வைக்கும் கட்டை உயரத்தில் இருந்ததால் முழங்கால் மடிந்து, வவுனியாவுக்குள் இறங்கும்போது நிமிர முடியாமல் போகும். 411 இல் கட்டை தாழ்வாகவும் பிடித்துக்கொள்ளும் கம்பி கைக்கு எட்டும் இடத்திலும் இருக்கின்றன. ஆனால் பக்கப் பெட்டிகளைப் பூட்டிய பிறகு சேலையுடன் ஏறி இறங்குவது முடியாத காரியம், சல்வார் அல்லது காற்சட்டை என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

உங்கள் உயரத்துக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 411 இன் இருக்கை நிலத்திலிருந்து 800 மில்லிமீற்றர், 450 இல் அது 825. இரண்டும் 200 கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை, உங்கள் பல்சரோ 150 க்கும் குறைவு. நீங்கள் தனியே ஏறிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மனைவியையும் ஏற்றிக்கொண்டு, சரிவான ஓர் இடத்தில் நிறுத்தி, இரண்டு கால்களும் எப்படி ஊன்றுகின்றன என்று பாருங்கள். வண்டி சாய்ந்தால் விழுபவர் நீங்கள் மட்டுமல்ல.

உவர்மலையான்:

அனைவருக்கும் மிக்க நன்றி. மனைவியிடம் படித்துக் காட்டினேன், ஆசிரியை எழுதியதற்குத்தான் தலையசைத்தார். ஏ.பி.எஸ். உள்ள 2019 ஆம் ஆண்டின் 411 ஒன்று வவுனியாவில் இருப்பதாகத் தெரிகிறது. இருவரும் போய் ஏறிப் பார்க்கப் போகிறோம். லீசிங் தவணை இன்னும் கட்டி முடியவில்லை, ஆனால் மிச்சத்தைத் தாமே கட்டிவிடுவதாக உரிமையாளர் சொல்கிறார். முற்பணம் கொடுக்கலாமா, அண்ணா?

கராஜ் அண்ணர்:

கொடுக்க வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் இருக்கும்வரை அவரால் வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றித் தர முடியாது. அவரையும் கூட்டிக்கொண்டு அந்தக் கொம்பனிக்கே போய், மிச்சத் தொகையை உங்கள் கண் முன்னால் கட்டவைத்து, விடுவிப்புக் கடிதத்தை வாங்கிய பிறகு மிகுதியைப் பேசுங்கள். சேசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்துடன் ஒத்துப் பாருங்கள். சேசி இலக்கம் கழுத்துப் பக்கத்தில் அடித்திருக்கும், உப்புத் துரு மூடியிருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் தெரியும். பல்சரை இப்போதைக்கு விற்காதீர்கள், பதினைந்து வருட வண்டிக்குக் கிடைக்கும் காசைவிட சந்தைக்குப் போய்வர அது உங்களுக்குப் பெறுமதி.