புரோபகியூல்: ‘முளைக்காய்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். தாய்ச்செடியிலிருந்து பிரிந்து புதுச் செடியாக வளரக்கூடிய பகுதியை ஆங்கிலத்தில் ‘புரோபகியூல்’ (propagule) என்கிறார்கள். அதற்கான தமிழ்ச் சொல் பற்றி நண்பர் ஒருவர் இப்படிச் சொல்கிறார்:

> “இனப்பெருக்க அலகு” என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லா உயிரிகளுக்கும் பொருந்தும்.

பொருந்தும்தான் ஐயா. ஆனால் அலையாத்திக் காட்டின் கணக்கெடுப்புத் தாளில் அப்படி எழுதினால், சேற்றில் நிற்பவருக்கு எதைப் பொறுக்குவது, எதை எண்ணுவது என்று எப்படித் தெரியும்?

சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, காயைத் துளைத்துக்கொண்டு முருங்கைக்காய் போல நீண்டு தொங்குகிறது. சில இனங்களில் அரை மீட்டரையும் தாண்டும். விழுகிற இடம் சேறானால் சில சமயம் அங்கேயே குத்தி நிற்கும். இல்லையென்றால் ஓதத்தோடு (கடலின் ஏற்ற இறக்க நீரோடு) மிதந்துபோய் வேறெங்காவது ஒதுங்கி வேர்விடும். வெண்கண்டல் என்ற இன்னோர் அலையாத்தி மரத்தில் முளை வெளியே தெரியாது, காய்த்தோலுக்குள் அடங்கியிருக்கும். விழுந்து தண்ணீரில் ஊறிய பிறகுதான் தோல் கழலும். இரண்டுமே மரத்தில் முளைத்த காய்கள். அதனால்தான் ‘முளைக்காய்’ என்கிறேன். ‘விதை’ என்றால் முளைக்காதது என்றாகிவிடும். ‘நாற்று’ என்றால் வேரூன்றியது என்றாகிவிடும்.

இந்த வேறுபாடு கண்காணிப்பில் மிக முக்கியம். பிச்சாவரத்தில் முன்பு மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் மண் தாழ்ந்து, கடல்நீர் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறிப்போனது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் வந்துபோக வழி செய்தன. அப்படிப்பட்ட இடத்தில் தானாக வந்து ஒதுங்கிய முளைக்காய்கள் எத்தனை, அவற்றில் வேர்விட்டு இலை விரித்தவை எத்தனை என்று தனித்தனியாக எண்ண வேண்டும். முதல் எண் நீரோட்டம் திரும்பிவிட்டதா என்று சொல்லும். இரண்டாவது, மண்ணின் உப்பு தணிந்ததா என்பதற்குத் தடயம் தரும். இரண்டையும் ‘நாற்று’ என்றே பதிந்தால் பிழைத்தவற்றின் விகிதம் பொய்யாகிவிடும்.

பாக் விரிகுடாவின் கடற்புல்லுக்கு இந்தச் சொல் ஒத்துவராது என்பது உண்மைதான். அங்கே ஒடிந்து மிதக்கும் தண்டுத்துண்டும் வேர்பிடித்துப் புதுத் திட்டாகலாம், அதைக் காய் என்பது தவறு. எனவே எல்லாவற்றுக்கும் பொதுவாகப் ‘பரவுறுப்பு’, அலையாத்தி மரங்களுக்கு மட்டும் ‘முளைக்காய்’ என்று சொற்பட்டியலில் இரண்டு பதிவாக இடலாம். ‘அலகு’ வேண்டாம், அது அளவீட்டோடு குழம்பும்.

‘முளைக்காய்’ வேறு பொருளில் எங்காவது வழங்குகிறதா? அப்புறம், முத்துப்பேட்டை, பிச்சாவரம் பக்கத்து மீனவர்கள் இதை எப்படி அழைக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். அவர்களிடம் ஒரு சொல் இருந்தால் என்னுடையதை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்வோம்.