கராத்தேயிலிருந்து கிக்பாக்ஸிங்: முன்காலில் விழும் லோ கிக்கை என்ன செய்வது?

கோவைப் பையன் (கேள்வி)

வணக்கம். சின்ன வயசுலேர்ந்து ஷிட்டோ-ரியூ கராத்தே. பிளாக் பெல்ட் வாங்கியாச்சு, மாவட்ட அளவுல குமிதே (நேருக்கு நேர் மோதுற கராத்தே ஆட்டம்) ஆடியிருக்கேன். இந்த வருஷம் பக்கத்துல ஒரு கிக்பாக்ஸிங் கிளப்ல சேர்ந்தேன். வேகமும் தூரக் கணக்கும் அங்கேயும் கைகொடுக்குது. ஆனா ஸ்பாரிங்ல (பயிற்சி மோதல்ல) ரெண்டாவது ரவுண்டுக்குள்ள இடது தொடை மரத்துப் போயிடுது. எதிர்ல நிக்கிறவர் முன்கையால ஒரு ஜாப் குத்து காட்டிட்டுத் தொடையில லோ கிக் போடுறார், எனக்குக் காலைத் தூக்கவே வரல. மாஸ்டர் "நிக்கிற விதத்தை மாத்து"ன்னு சொல்றார், எப்படின்னு புரியல. கூடப் பழகுற ஒருத்தர் "கராத்தேயை மறந்துடு, நேரா முவே தாய் (தாய்லாந்துக் குத்துச்சண்டை) போ"ங்கிறார். மாநிலப் போட்டிக்கு ஃபுல் காண்டாக்ட், லோ கிக், கே-1ங்கிற மூணு பிரிவுல எதுக்குப் பேர் கொடுக்கிறதுன்னும் குழப்பம். இத்தனை வருஷம் பழகினது வீண்தானா?

மெட்ராஸ் ஜிம்

உங்க நண்பர் சொல்றது சரி. முவே தாய்ல முழங்கை, முழங்கால், கிளிஞ்ச் (கட்டிப் பிடிச்சு மோதுறது) எல்லாம் இருக்கு. கராத்தே ஸ்டான்ஸ் (நிக்கிற விதம்) ரிங்குக்கு ஆகாது. 1988ல அமெரிக்கர் ரிக் ரூஃபஸும் தாய் வீரர் சாங்புவெக்கும் மோதின சண்டையைப் பாருங்க, வேற விளக்கமே வேண்டாம்.

பிரேடா வாசி

தம்பி, அந்தச் சண்டையைக் கட்டாயம் பாருங்கோ. ஆனா முதல் ரவுண்டில இருந்து முழுக்கப் பாருங்கோ.

1988 நவம்பர், லாஸ் வேகாஸ். ரூஃபஸ் அமெரிக்க ஃபுல் காண்டாக்டில வளர்ந்தவர். முதல் ரவுண்டிலயே சாங்புவெக்கை அடிச்சு விழுத்தினவர். கையில, வேகத்தில ஒரு குறையும் சொல்ல ஏலாது. அதுக்குப் பிறகு சாங்புவெக் எழும்பி வந்து அந்த முன்தொடையை மட்டும் குறிவைச்சார். திரும்பத் திரும்ப அதே இடம். நாலாம் ரவுண்டில ரூஃபஸால நிக்க முடியாமல் சண்டையை நிப்பாட்ட வேண்டி வந்தது.

இதைக் கராத்தே தோத்த கதையாச் சொல்லுறது எனக்குச் சரியாப் படேல்லை. 1970களில அமெரிக்காவில பி.கே.ஏ. எண்ட கிக்பொக்சிங் அமைப்பு நடத்தின போட்டிகளில இடுப்புக்குக் கீழ உதைக்க விடமாட்டினம். வெறும் பொக்சிங்கா மாறிவிடக் கூடாது எண்டு ரவுண்டுக்கு எட்டு உதை கட்டாயம் வேற. அந்த விதிக்குள்ள வளர்ந்தவர் பக்கவாட்டா நிண்டு முன்காலில பாரத்தை வைக்கிறது கெட்டித்தனம்தான். உடம்பு எதிராளிக்குக் குறைவாத் தெரியும், முன்காலால படக்கெண்டு உதைக்கலாம். அந்தக் காலை ஒருத்தரும் உதைக்கப் போறதில்லையே! விதி மாறின அண்டைக்கு அதே நிலை ஆபத்தாப் போச்சு. நீங்கள் பழகின குமிதேயிலயும் தொடையில உதைக்க விடுறேல்லை. உங்கட தொடை மரத்துப் போறதுக்கும் அதுதான் காரணம்.

கராத்தே வீண் எண்டு சொல்லுறவை கிக்பொக்சிங் எப்பிடி வந்தது எண்டு ஒருக்கால் பாக்கவேணும். 1964 பெப்ரவரியில கியோகுஷின் எண்ட கராத்தேப் பிரிவைச் சேர்ந்த மூண்டு பேர் பாங்கொக் லும்பினி அரங்கில தாய் வீரர்களோட மோதிச்சினம். ரெண்டு பேர் வெண்டினம். கென்ஜி குரோசாக்கி முழங்கை அடியில தோத்தார். அவர் ஊருக்குத் திரும்பி அந்தத் தோல்வியை மறைக்கேல்லை. முழங்கை, லோ கிக், கிளிஞ்ச் எல்லாத்தையும் படிச்சு, தோக்கியோவில மெஜிரோ ஜிம் தொடங்கினார். ஒசாமு நொகுச்சி எண்ட பொக்சிங் போட்டி அமைப்பாளர் இந்தக் கலப்புக்குக் கிக்பொக்சிங் எண்டு பேர் வைச்சு, 1966 ஏப்ரலில ஒசாகாவில முதல் போட்டி நடத்தினார். கராத்தேயும் முவே தாயும் பொக்சிங்கும் ஒண்டை ஒண்டு அடிச்சுப் பாத்துத்தான் இது உருவானது.

குரோசாக்கியிட்டப் பழகின யான் பிளாஸ் 1978இல அம்ஸ்டர்டாமில மெஜிரோ ஜிம் திறந்தார். நான் இருக்கிற நெதர்லாந்தின்ர பாணி அங்கயிருந்துதான் வளர்ந்தது: ரெண்டு மூண்டு குத்து, எதிராளியின்ர கை மேல போன நேரம் கீழ லோ கிக். மெஜிரோவில வளர்ந்த ரோப் காமனுக்கு "மிஸ்டர் லோ கிக்" எண்டே பேர். என்ர பிரேடா எண்டால் டச்சு வீரர் ரமோன் டெக்கர்ஸின்ர ஊர். இங்க நாங்கள் பழகின காலத்தில பையன்கள் எல்லாரும் அவரைப் போல ஹூக் (கையை வளைச்சுப் போடுற குத்து) போடத்தான் ஆசைப்பட்டவை, நான் உட்பட. தாய்லாந்திலயே போய் அவையின்ர விதியில மோதினவர். தாய் வீரர் கோபானோட நாலு சண்டை, ஆளுக்கு ரெண்டு வெற்றி. டச்சுக் கையும் தாய் உதையும் நேருக்கு நேர் நிக்கிறதைப் பாக்கவேணுமெண்டால் அந்த நாலையும் தேடிப் பாருங்கோ.

இனி உங்கட கால். முன்பாதம் உள்ளுக்குத் திரும்பி, பாரம் முன்னால இருக்கு எண்டு நினைக்கிறன். உங்கட கராத்தேப் படம் ஒண்டைப் பாத்தாலே தெரியும். பாதம் உள்ளுக்குத் திரும்பினால் தொடையின் வெளிப்பக்கமும் பின்பக்கமும் திறந்து கிடக்கும். பாரம் அதில இருக்கிறபடியால தூக்கவும் ஏலாது. தூக்க வேண்டுமெண்டால் முதல்ல பாரத்தைப் பின்னுக்கு மாத்தவேணும், அந்த அரை செக்கனுக்குள்ள உதை வந்திடும். இடுப்பை இன்னும் கொஞ்சம் முன்னுக்குத் திருப்புங்கோ. முன்பாத விரல் எதிராளியைப் பாக்கட்டும். பாரத்தைச் சரிபாதியாவோ கொஞ்சம் பின்னாலயோ வையுங்கோ. முழங்காலைத் தூக்கி வெளிப்பக்கம் திருப்பி, ஷின்னின்ர (முழங்காலுக்குக் கீழ முன்பக்க எலும்பு) மேல்பகுதியில, முழங்காலுக்குக் கிட்ட, உதையை வாங்கிறதுதான் செக். கார்டை (தலையை மறைக்கிற கைகளை) மட்டும் இறக்க வேண்டாம். லோ கிக்கைக் கையால பிடிக்கப் போறவனுக்கு அடுத்தது தலைக்கு வரும்.

இன்னொண்டு, அவர் ஜாப் காட்டிறார் எண்டு எழுதியிருக்கிறியள். அந்த ஜாப் உங்களைப் பின்னால சாயவைக்கத்தான். சாயிற நேரம் முன்கால் அங்கயே நிக்கும். உங்கட கராத்தேயில இருக்கிற உள்ள-வெளிய நகர்வைப் பாவிச்சு, அவர் கையைக் காட்டேக்க முழுசா விலகுங்கோ, இல்லாட்டில் நேராக் குத்திக்கொண்டு உள்ள போங்கோ. லோ கிக் போடுறவன் ஒற்றைக் காலிலதான் நிக்கிறான். உங்கட கியாகு சுக்கி (பின்கைக் குத்து) அந்த நேரத்துக்குத்தான்.

கராத்தேயால என்ன செய்யலாம் எண்டு பாக்க அண்டி ஹூக்கைப் பாருங்கோ. சுவிஸ்காரர், கியோகுஷினில வளர்ந்தவர். கே-1 எண்ட பேரில நடந்த கிக்பொக்சிங் தொடரின்ர 1996 இறுதிப் போட்டியில மைக் பெர்னார்டோவைச் சுழண்டு குதிக்காலால தொடையில உதைச்சு விழுத்தினார். பொக்சரும் தாய் வீரரும் அந்த உதையைப் பழகிறேல்லை.

தஞ்சை பாக்ஸர்

அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். நான் பாக்ஸிங்லேர்ந்து வந்தவ, எனக்குப் பிரச்சனை தலைகீழ். குத்தைத் தவிர்க்க இடுப்பை வளைச்சுக் குனியறது ரத்தத்துல ஊறிப்போச்சு. கே-1 விதியில குனிஞ்ச தலைக்கு நேரா முழங்கால் வருது. குனியறதைக் குறைச்சு, நிமிர்ந்து நின்னு கார்டுல வாங்கக் கத்துக்கவே எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. ஸ்டான்ஸை இடுப்பிலிருந்தே மாத்தணும் தம்பி, பாதத்தை மட்டும் திருப்பினா முழங்கால்தான் வலிக்கும்.

கோவைப் பையன்

ரொம்ப நன்றி. படம் எடுத்துப் பார்த்தேன், பாதம் உள்ளதான் திரும்பியிருக்கு, அப்படியே சொல்லியிருக்கீங்க. ரெண்டு சந்தேகம். செக் பண்ணா ஷின் உயிர் போற மாதிரி வலிக்குது. பாட்டிலை வச்சு உருட்டினா மரத்துப் போகும்னு சொல்றாங்க, செய்யலாமா? அப்புறம் எந்தப் பிரிவுன்னு சொல்லலையே.

பிரேடா வாசி

போத்தல் வேண்டவே வேண்டாம். எலும்பு உறைதான் புண்ணாகும். கனமான பேக்கில ஒழுங்கா உதைச்சுக்கொண்டு வந்தால் எலும்பு மாதக் கணக்கில மெல்ல மெல்ல உறுதியாகும், குறுக்கு வழி இல்லை. ஸ்பாரிங்கில ஷின் கார்ட் போடுங்கோ, செக் பழகிறதை மெதுவான உதையில தொடங்குங்கோ. உதைக்கிறவனுக்கும் இது பொருந்தும். 2013இல கலப்புச் சண்டை (எம்.எம்.ஏ.) வீரர் அண்டர்சன் சில்வாவுக்குக் கால் முறிஞ்சது கிறிஸ் வைட்மன் செக் பண்ணினதில. அதே வைட்மனுக்கு 2021இல யுரையா ஹோலை உதைக்கேக்க அப்பிடியே முறிஞ்சது. தயார் செய்யாமல், குத்தால மறைக்காமல் வெறும் லோ கிக்கை அனுப்பாதேங்கோ.

பிரிவுக்கு வாறன். ஃபுல் காண்டாக்டில நீளக் கால்சட்டை போட்டு இடுப்புக்கு மேலதான் உதை. உங்கட இப்போதைய நிலை அங்க அப்பிடியே ஓடும், வெல்லவும் வாய்ப்பிருக்கு. லோ கிக் பிரிவில தொடையிலயும் உதைக்கலாம், கே-1இல முழங்காலும் சேரும், அதுக்கு இப்ப அவசரம் வேண்டாம். நான் உங்கட மாஸ்டரா இருந்தால் இந்த முறை ஃபுல் காண்டாக்டுக்குப் பேர் குடுத்திட்டு, ஜிம்மில லோ கிக் விதியில மட்டும் ஸ்பாரிங் விடுவன். முவே தாயையும் பிறகு பழகுங்கோ, கிளிஞ்சை அங்க படிக்கிற மாதிரி வேற இடத்தில படிக்க ஏலாது. ஆனா அங்க புள்ளி போடுற விதம் வேற: உடம்பில விழுகிற நல்ல உதைக்கும் முழங்காலுக்கும் இருக்கிற மதிப்பு கைக்குத்துக்கு இல்லை.

ஒண்டு கேக்க மறந்திட்டன். உங்களோட ஸ்பாரிங் செய்யிறவர் இடதுகால் முன்னால வைக்கிறவரா, வலதா? வலதுகால் முன்னால எண்டால் அவரின்ர பலமான உதை உங்கட உள்தொடைக்கும் வயித்துப் பக்கத்துக்கும் வரும், செக்கை உள்பக்கம் திருப்பிப் பழகவேணும். அதை எழுதுங்கோ, பிறகு சொல்லுறன்.