பொன்னிலையா, மஞ்சளிலையா?

வணக்கம்.

தங்கநிறத்தில் இலை விடும் ஸ்புரூஸ் மரத்துக்கு (குளிர்நாட்டு ஊசியிலை மரம் ஒன்று) தமிழில் என்ன சொல்வது என்று நம் சொற்பட்டியல் குழுவில் தொடங்கிய பேச்சு, தேவதாரு, ஊசியிலை மரம், பட்டையூசி என்று மரத்தின் பெயரிலேயே நின்றுவிட்டது. எனக்கு ஸ்புரூஸை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் படுகிறது. தேவதாரு இமயமலையில் வளரும் வேறு மரம். ஊசியிலை மரம் என்றால் பைன், ஃபிர் எல்லாமே அதில் வந்துவிடும். அண்ணன் சொன்ன 'பட்டையூசி' நல்ல யோசனை, பெரும்பாலான ஸ்புரூஸ் ஊசிகளை விரலிடுக்கில் உருட்டினால் நாலு பட்டை தட்டுப்படும் என்பது உண்மை, ஆனால் பட்டை என்றால் நம் பக்கம் தட்டை என்றும் பொருள் உண்டே, தட்டை ஊசி ஃபிர் மரத்துக்கு உரியதாயிற்றே. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கை யாரும் மொழிபெயர்க்கவில்லை, அதனால் யாருக்கும் குழப்பம் வந்ததும் இல்லை.

சொல் தேவைப்படுவது அந்தத் தங்கநிறத்துக்குத்தான். நர்சரிக்குப் போனால் கோல்டன் தூஜா, கோல்டன் சைப்ரஸ், வேலிக்குக் கோல்டன் துராந்தா என்று எல்லாவற்றிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு நல்ல தமிழ்ச் சொல் கிடைத்தால் இத்தனைக்கும் உதவும்.

'மஞ்சளிலை' வேண்டவே வேண்டாம். சேலம், ஈரோடு பக்கம் மஞ்சளிலை என்றால் மஞ்சள் பயிரின் இலை. அதைவிடப் பெரிய சிக்கல், விவசாயி காதில் இலை மஞ்சள் என்று விழுந்தாலே அது நோய்தான். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் கொழுந்து வெளுக்கும், உடனே அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளிப்பார்கள். உளுந்தில் வருவது மஞ்சள் தேமல் என்ற வைரஸ் நோய். தங்கநிற ஸ்புரூஸ் அப்படி இல்லை. பிறவியிலேயே பச்சையம் குறைவாக இருப்பதால் கரோட்டினாய்டு என்ற மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது, அவ்வளவுதான், மரம் நலமாகவே இருக்கும். ஒட்டுக் கட்டித்தான் அந்த நிறத்தைக் காப்பாற்றுகிறார்கள், நடுவில் பச்சைக் கிளை ஒன்று வீரியமாகக் கிளம்பினால் உடனே வெட்டிவிட வேண்டும். இந்த நலத்தையும் அந்த நோயையும் ஒரே சொல்லால் குறிப்பது செடி வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம்.

அதனால் நோய்க்குப் 'பச்சையச் சோகை', இயல்பான நிறத்துக்குப் 'பொன்னிலை'. இதைப் பொன் நிலை என்றும் பிரிக்கலாமே என்று கேட்டிருந்தீர்கள். பிரிக்கலாம்தான், ஆனால் 'பொன்னிலைத் தூஜா' என்று செடியின் பெயரோடு வரும்போது வெற்றிலை, கறிவேப்பிலை கேட்டுப் பழகிய காது இலையைத்தான் பிடிக்கும்.

அப்புறம், ஒரு சொல் போதாது. காகசஸ் பகுதியையும் துருக்கியின் வடகிழக்கையும் சேர்ந்த கீழை ஸ்புரூஸிலேயே இரண்டு விதம் உண்டு. 'ஆரியோஸ்பிகேட்டா' வசந்தத்தில் புதுக்கொழுந்தை மட்டும் வெளிர்மஞ்சளாக விட்டுச் சில வாரங்களில் பச்சைக்குத் திரும்பிவிடும். 'ஸ்கைலாண்ட்ஸ்' வருடம் முழுக்கத் தங்கநிறம், அதுவும் வெயில் படும் ஊசிகளில் மட்டும், உள்ளே நிழலில் இருப்பவை பச்சைதான். 1997-ல் வெட்டப்பட்ட, கனடாவின் ஹைடா குவாய் தீவுக்கூட்டத்தின் புகழ்பெற்ற தங்க ஸ்புரூஸும் வெளிப்பக்கம் பொன், உட்பக்கம் பச்சை என்றுதான் நின்றது. கொழுந்து மட்டும் பொன்னாகும் முதல் வகைக்குப் 'பொற்கொழுந்து' என்கிறேன். பொன்னோடு தளிரைச் சேர்த்தால் இலக்கணப்படி பொற்றளிர், அதை இன்று யார் வாயில் நுழைப்பது? கொழுந்து என்றால் தேயிலை பறிப்பவர்களுக்கும் தெரியும்.

வீட்டுத் தோட்டத்தில் வைக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம்தான், ஸ்புரூஸ் கேட்கும் உறைபனிக் குளிர்காலம் அங்கே இல்லை. குளிர் போதாவிட்டால் மொட்டு ஒழுங்காக விரியாது. சேலம் வெயிலுக்கு யோசிக்கவே வேண்டாம், இளஞ்செடியின் தங்க ஊசிகள் மிதமான நாடுகளிலேயே கடும் வெயிலில் கருகுகின்றன. அந்த நிறம்தான் ஆசை என்றால் பொன்னிலைத் தூஜாவைக் காலை வெயில் படும் இடத்தில், தண்ணீர் தேங்காமல் வையுங்கள். முழு நிழலில் வைத்தால் பச்சையாகிவிடும்.

நம் சொற்பட்டியலில் பொன்னிலை, பொற்கொழுந்து இரண்டையும் தனித்தனிப் பதிவாகச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். பச்சையும் மஞ்சளும் வரிவரியாகக் கலந்த இலைகளுக்குப் 'பொன்வரி' சரிவருமா என்பதை வேறு இழையில் பேசலாம்.