மெலடி வந்தால் கட்டை விரல் தாளத்தை விட்டுவிடுகிறது

ஆறாங்கம்பி:
வணக்கம். ஸ்டீல் ஸ்ட்ரிங் கிட்டார் வாசிக்கிறேன். பார் கார்டு (ஒரு விரலால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் ஸ்வரக்கூட்டு), ஸ்ட்ரம்மிங் எதிலும் தொந்தரவில்லை. தடித்த கம்பிகளில் கட்டை விரல் போடும் பேஸும், மற்ற விரல்கள் வாசிக்கும் மெலடியும் சேரும்போதுதான் சிக்கல். சி கார்டில் கட்டை விரல் ஐந்தாம், நான்காம் கம்பிகளில் 5-4-5-4 என்று போய்க்கொண்டிருக்கும். மெலடி தட்டின் மேலேயே விழுந்தால் சரி. இரண்டு தட்டுக்கு நடுவில் ஒரு ஸ்வரம் வந்தால் கட்டை விரலும் அதன் பின்னாலேயே ஓடிவிடுகிறது. மெதுவாக வாசித்தாலும் அப்படித்தான். இன்னொன்று, மோதிர விரல் மீட்டும் முதல் கம்பி எப்போதும் அமுங்கியே கேட்கிறது. நகம்தான் காரணமா?

மரப்பெட்டி:
மெதுவாக வாசித்தால் மட்டும் போதாது, கட்டை விரல் யோசிக்காமல் ஓட வேண்டும். அது ஓடும்போது வீட்டில் யாராவது "சாப்பிட வரியா?" என்று கேட்டால் தாளம் விடாமல் பதில் சொல்ல முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் மெலடியைத் தொடவே வேண்டாம்.

அப்புறம் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, தட்டுக்குத் தட்டு கட்டை விரல் விழ, வாயால் "தகதிமி" சொல்லுங்கள். த, தி இரண்டிலும் கட்டை விரல். க, மி காலி. 'க'வில் மட்டும் ஆள்காட்டி விரலால் இரண்டாம் கம்பி. அது நிலைத்தபின் அதை விட்டுவிட்டு 'மி'யில் மட்டும். மிதான் படுத்தும், அடுத்த 'த' இதுதான் என்று கட்டை விரல் முந்திக்கொள்ளும்.

உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜ் (கம்பிகள் பலகையில் பொருந்தும் இடம்) பக்கம் வைத்து பேஸ் கம்பிகளை லேசாக அமுக்கிக்கொள்ளுங்கள். அமெரிக்க கிட்டார் கலைஞர்கள் மெர்ல் டிராவிஸ், செட் அட்கின்ஸ் வாசிப்பில் கேட்கும் அந்த 'டப் டப்' இதுதான். மெலடி தனியாக எழும்பி நிற்கும்.

நைலான் பைத்தியம்:
இத்தாலிய கிட்டார் கலைஞர் மௌரோ ஜூலியானியின் ஓபஸ் 1 என்ற பயிற்சித் தொகுப்பைத் தேடிப் பாருங்கள். வலது கைக்கென்றே 120 பயிற்சிகள். இடது கைக்கு சி, ஜி7 இரண்டே கார்டு என்பதால் கவனம் சிதறாது. 1812இல் வந்தது, இன்றும் அதற்கு ஈடாக எதுவும் இல்லை என்பேன். 120ஐயும் முடிக்க வேண்டியதில்லை. மோதிர விரல் அதிகம் வருபவற்றைப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

நகத்தின் மேல் பழி போடாதீர்கள். ஸ்பானிய கிட்டார் மேதைகளில் டாரெகா கடைசிக் காலத்தில் நகமில்லாமல்தான் வாசித்தார், செகோவியா நகத்தோடு. நகம் வளர்ப்பதானால் விளிம்பில் பிசிர் இருக்கக் கூடாது. பெயிண்ட் கடையில் வாட்டர் பேப்பர் (உப்புத்தாள் மாதிரி) கிடைக்கும், நைஸ் ரகமாகக் கேட்டு வாங்கித் தேயுங்கள்.

ஆறாங்கம்பி:
நன்றி இருவருக்கும். 'மி'யில்தான் சறுக்குகிறது, இப்போது பிடிபட்டது. நான் சுண்டு விரலைக் கிட்டாரின் முன்பலகையில் ஊன்றித்தான் வாசிக்கிறேன். அதனால் மோதிர விரலுக்குப் பாதிப்பு உண்டா?

நைலான் பைத்தியம்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! சுண்டு விரலும் மோதிர விரலும் ஒன்றையொன்று இழுப்பவை. ஒன்றை ஊன்றிவிட்டால் மற்றதற்கு வீச்சு குறையும். டிராவிஸ் பெரும்பாலும் கட்டை விரல், ஆள்காட்டி விரல் இரண்டை வைத்தே வாசித்தவர். அந்த வழி போதுமென்றால் ஊன்றுவதில் நஷ்டமில்லை. மோதிர விரலும் வேண்டுமென்றால் எடுத்துவிடுங்கள். முதலில் கை பிடிமானமில்லாமல் அலையும். முன்கையைக் கிட்டாரின் மேல் விளிம்பில் சாய்த்துக்கொண்டால் அடங்கிவிடும்.