அப்பாவின் நெஞ்சுக்கு சி.ரி. ஸ்கானா, அஞ்சியோகிராமா?

கொக்குவில் பெடியன்:
அப்பாவுக்கு 61 வயது, சீனி வருத்தமும் இருக்கிறது. நல்லூர் வரை சைக்கிள் மிதித்தால் நெஞ்சு இறுக்குகிறதாம், நின்றால் போய்விடுகிறது. ஈ.சி.ஜி.யில் ஒன்றும் இல்லை. டொக்டர் இதயத்துக்கு சி.ரி. எடுக்கச் சொல்கிறார். அம்மாவோ, "நேரே அஞ்சியோகிராம் (குழாய் விட்டு இதயத்தின் இரத்தக்குழாயைப் படம் பிடிப்பது) செய்தால் ஒரே வேலையாய் முடியுமே" என்கிறா. எது சரி?

சுன்னாகம் அக்கா:
தம்பி, எனக்கு இந்த சி.ரி. எடுத்தது. இரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்காகக் கை நரம்பால் அயடீன் மருந்து ஏற்றும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் போய்விட்டதோ என்று இருக்கும் (போகாது, பயப்படவேண்டாம்!). இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 60 பக்கம் இறங்கினால்தான் படம் தெளிவு, அதற்குக் குளிசை தருவார்கள். தேநீர் வேண்டாம் என்று சொல்லியும் நான் பழக்கதோசத்தில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுப் போய், துடிப்பு இறங்காமல், இன்னொரு நாள் வரச்சொல்லித் திருப்பிவிட்டார்கள்.

ஸ்கான்காரன்:
பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016 முதல் இப்படியான நெஞ்சுவலிக்கு முதலில் சி.ரி.தான் என்கிறது. அஞ்சியோகிராம் போலத் தொடை, மணிக்கட்டு வழியாகக் குழாய் விடத் தேவையில்லை. ஆனால் இரத்தக்குழாயில் சுண்ணாம்பு நிறையப் படிந்திருந்தால் அடைப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும், ஸ்ரென்ற் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைக்க வேண்டிவந்தால் அஞ்சியோகிராம் எப்படியும் செய்யத்தான் வேண்டும். சீனி வருத்தம் என்கிறீர்கள், கிரியேற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலைசெய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டுப் போங்கோ, மெட்போமின் (சீனி வருத்தக் குளிசை) எடுக்கிறார் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கோ. சும்மா இருக்கும்போதே வலி வந்தால் ஸ்கான் திகதியைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரி.

கொக்குவில் பெடியன்:
சரி, கிரியேற்றினின் நாளைக்கு. தேயிலைப் போத்தலை இன்றைக்கே ஒளிக்கிறேன்.