கலவாய் மீனை உயிரோடு ஆழத்துக்குத் திருப்பி அனுப்புவது எப்படி?
வணக்கம், நான் ஹட்டன்காரன். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் திலாப்பியா பிடித்துப் பழகிய கை. அதைத் திருப்பி விட்டால் வாலை ஆட்டிக்கொண்டு போய்விடும். திருகோணமலையில் மச்சானின் வள்ளத்தில் போனபோதுதான் சிக்கல். 30 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு சின்னக் கலவாய் வந்தது. கண் பிதுங்கி, இரைப்பை வாய்வரை தள்ளியிருந்தது. விட்டேன், மல்லாந்து மிதந்தது. மேலே வர வர உள்ளிருக்கும் காற்று நாலு மடங்காகிறதே, பாவம் எப்படி இறங்கும்?

மெக்சிகோ வளைகுடாவின் அமெரிக்கக் கடற்பகுதியில் பாறை மீன் பிடிக்கும் படகுகளுக்கு 2022இல் ஒரு விதி வந்தது: மீனை ஆழத்தில் இறக்கிவிடும் கருவி அல்லது காற்றை வெளியேற்றும் ஊசி கைவசம் இருக்க வேண்டும் என்று. ஊசி சரிவராது, நான் குடலில் குத்திவிடுவேன். முள் நசுக்கிய தூண்டிலை ஈயத்தோடு தலைகீழாகக் கட்டி, மீனின் உதட்டில் மாட்டி இறக்கலாமாம்; கீழே போனதும் நூலைச் சுண்டினால் கழன்றுவிடுமாம். யாராவது செய்து பார்த்தீர்களா? அரைக் கிலோ மீனுக்கு எவ்வளவு ஈயம் கட்டினீர்கள்? சித்திரை விடுமுறைக்கு மறுபடி போகிறோம்.